பைக் விபத்துக்குப் பின் ‘அஜாக்கிரதையாக ஓட்டியதாக’ வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பைக் ஓட்டி விபத்தில் சிக்கியவர்களும் அவர்கள் வீட்டாரும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. கீழே முன்னதை நியாய சன்ஹிதா என்றும் பின்னதை நடைமுறைச் சட்டம் என்றும் சுருக்கிச் சொல்கிறேன். அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்து என்றால் குற்றப் பிரிவுகளும் தண்டனையும் பழைய சட்டப்படிதான்.

விபத்து நடந்தாலே ஓட்டியவர் மேல் வழக்கு வந்துவிடுமா?

வண்டியில் கீறல், கண்ணாடி உடைசல் என்ற அளவில் இருந்தால் பெரும்பாலும் சாலையோரத்திலேயே பேசி முடிந்துவிடும். ஒருவர் மருத்துவமனைக்குப் போய்விட்டால் நிலைமை வேறு. விபத்துக் காயம் என்று தெரிந்ததும் மருத்துவமனை அதை விபத்துப் பதிவேட்டில் எழுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும். காவலர் வந்து காயம்பட்டவரிடமோ உடன் இருந்தவரிடமோ வாக்குமூலம் வாங்குவார். அதுதான் புகார், அதன் மேல்தான் முதல் தகவல் அறிக்கை.

அந்த விபத்துப் பதிவேட்டைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எப்படிக் காயம் ஏற்பட்டது என்று மருத்துவர் கேட்டு எழுதும் ஒரே ஒரு வரி அதில் இருக்கும். ‘பைக்கிலிருந்து தானாக விழுந்தார்’ என்றா, ‘எதிரே வந்த பைக் மோதியது’ என்றா, எத்தனை மணிக்கு என்றா எல்லாம் அங்கே பதிவாகிவிடும். இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் வக்கீல் முதலில் எடுத்துப் படிப்பது அந்த வரியைத்தான். நீங்களும் காயம்பட்டுப் போயிருந்தால், நடந்ததை நடந்தபடி நீங்களே சொல்லுங்கள். கூட வந்த மாமாவோ நண்பரோ பதற்றத்தில் ஏதாவது சொல்லி, பிறகு அதுவே உங்கள் கழுத்தைப் பிடிக்க வேண்டாம்.

யார் மேல் வழக்குப் போடுவார்கள் என்று கேட்டால், நடைமுறையில் பெரிய வண்டியின் மேல்தான். லாரியும் பைக்கும் மோதினால் லாரி ஓட்டுநர். பைக்கும் நடந்து போனவரும் என்றால் பைக் ஓட்டியவர். சட்டத்தில் இப்படி ஒரு விதி கிடையாது. தவறு மறுபக்கம் என்றால் நீங்களும் புகார் கொடுக்கலாம். ஒரே சம்பவத்தில் வழக்கும் எதிர்வழக்கும் இருந்தால் இரண்டையும் சேர்த்து விசாரித்து உண்மை எது என்று சொல்வது காவல்துறையின் கடமை. உங்கள் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமானால் ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம்.

எந்தப் பிரிவுகள், என்ன தண்டனை?

முதல் தகவல் அறிக்கையில் அநேகமாக முதலில் நிற்பது நியாய சன்ஹிதாவின் 281. பொதுச் சாலையில் மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில், கண்மூடித்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டுவது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய 279தான் இது. இந்தப் பிரிவுக்கு யாருக்கும் காயம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

காயம் ஏற்பட்டிருந்தால் கூடவே 125(அ): ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கொடுங்காயம் என்றால் 125(ஆ): மூன்றாண்டு வரை சிறை, அல்லது 10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் என்றவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவை நினைத்துக்கொள்ள வேண்டாம். சுண்டுவிரல் எலும்பு முறிந்தாலும், ஒரு பல் விழுந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கொடுங்காயம். பதினைந்து நாள் கடும் வலியில் கிடந்தாலோ அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலோ அதுவும் அப்படியே. பழைய சட்டத்தில் இது இருபது நாளாக இருந்தது. ஆகவே மருத்துவமனை தரும் காயச் சான்றிதழ் வரும் வரை உங்கள் வழக்கின் எடை உங்களுக்குத் தெரியாது. பிரிவுகள் நடுவில் மாற்றப்படுவது சாதாரணம்.

உயிர் போயிருந்தால் 106(1). பழைய 304அ பிரிவில் உச்சம் இரண்டாண்டாக இருந்தது; இப்போது ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும். தகவல் சொல்லாமல் ஓடிப்போனால் பத்தாண்டு என்று சொல்லும் 106(2) மேல் 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் மற்றப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது அது மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

இவற்றோடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184 சேரலாம். சிவப்பு விளக்கைத் தாண்டியது, கைப்பேசியைப் பிடித்தபடி ஓட்டியது, எதிர்த்திசையில் வந்தது, விதிமீறி முந்தியது எல்லாம் 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குள் வந்துவிட்டன. முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

என்னைக் கைது செய்து சிறையில் போடுவார்களா?

281, 125(அ), 125(ஆ), 106(1) எல்லாமே ஜாமீனில் விடத்தக்க குற்றங்கள். கைது என்று எழுதினாலும் ஜாமீன் கொடுக்க முன்வந்தால் காவல் நிலையத்திலேயே விட்டாக வேண்டும். அது அவர்கள் காட்டும் சலுகை அல்ல, நடைமுறைச் சட்டத்தின் 478ஆம் பிரிவு உங்களுக்குத் தரும் உரிமை. பெரும்பாலான வழக்குகளில் கைதும் இல்லை. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி 35(3) பிரிவின்படி அறிவிப்புத் தருவார்கள். அந்தத் தேதியில் போய்விடுங்கள். போகாமல் இருப்பதுதான் கைதுக்குக் காரணத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது.

குடித்துவிட்டு ஓட்டி ஆள் இறந்துவிட்டால் மட்டும் கணக்கு மாறலாம். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற 105ஆம் பிரிவைக் காவல்துறை சேர்த்தால் அது ஜாமீனில் விட முடியாத குற்றம்.

விபத்து நடந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது என்ன?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு மூன்று கடமைகளைச் சொல்கிறது. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழி செய்வது. காவலர் கேட்டால் விவரம் தருவது, அங்கே காவலர் இல்லையென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. மீறினால் 187ஆம் பிரிவில் தனியாக ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம்.

கூட்டம் கூடி அடிக்க வந்தால்? இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கும் நம் ஊர்ச் சாலை தெரிந்திருக்கிறது. கூட்டத்தின் கோபத்தால் நின்று உதவ முடியவில்லை என்றால் அதற்கு விலக்கு அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் நேரே காவல் நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். 108ஐ அழைத்த பதிவு கைப்பேசியில் இருந்தால் அழிக்காதீர்கள். ஓடிவிட்டார் என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

செலவுக்குப் பயந்து காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்க்கத் தயங்குபவர்கள் இன்னமும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம்.

காவல் நிலையத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

எதில் என்று பாருங்கள். வண்டி கைப்பற்றிய மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் காவலர் எழுதும் பதிவு), ஜாமீன் பத்திரம், அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் இவற்றில் படித்துவிட்டுப் போடலாம். விபத்து எப்படி நடந்தது என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது என்று நடைமுறைச் சட்டமே சொல்கிறது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகச் செல்லாது. வெற்றுத் தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெயர், முகவரி, ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு இவற்றைக் காட்ட மறுக்க முடியாது. ‘எவ்வளவு வேகத்தில் வந்தாய், எதைப் பார்த்துக்கொண்டு வந்தாய்’ என்பதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3).

‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் மெதுவாகத்தானே வந்தேன்?

இந்த வாசகம் இல்லாத விபத்து அறிக்கையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நின்றுகொண்டிருந்த வண்டியின் மேல் ஒருவர் வந்து மோதினாலும் யாராவது ஒருவர் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ வந்திருப்பார். எழுதிவிட்டார்களே என்று இடிந்து போக வேண்டாம். எழுதியதை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு.

நிரூபிப்பது எப்படி என்பதற்கு 1998இல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் எல்லா நடுவர் நீதிமன்றங்களிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. லாரி கவிழ்ந்து ஆட்கள் இறந்த வழக்கு. சாட்சிகள் சொன்னதெல்லாம் ‘அதிவேகமாக வந்தது’ என்பதுதான். அதிவேகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் அளவு. எந்தச் சாலை, என்ன சூழல், எந்த வகையில் அது கவனக்குறைவு என்று காட்டாமல் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். விபத்து நடந்தது என்பதாலேயே கவனக்குறைவு இருந்தது என்று ஊகிக்கவும் முடியாது.

இதைப் படித்துவிட்டுத் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தவறான பக்கத்தில் மோதியிருப்பதாக வரைபடம் சொன்னால், கேமராவில் சிவப்பு விளக்கைத் தாண்டியது தெரிந்தால், வேகத்தை யாரும் அளந்திருக்க வேண்டியதில்லை. சாலையில் ஓட்டும் முறைக்கு 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. முன்னே போகும் வண்டிக்கு விட வேண்டிய இடைவெளியும், சந்திப்பில் யாருக்கு முதலில் வழி என்பதும் அதில் உண்டு. முன்னால் போன கார் திடீரென்று பிரேக் போட்டுவிட்டது என்று பின்னால் இடித்தவர் சொன்னால், இடைவெளி எங்கே என்றுதான் நீதிபதி கேட்பார்.

என் பக்கத்துக்கு என்ன ஆதாரம் சேர்க்கலாம்?

வழக்கு எப்படி முடியும் என்பது பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துத் தாள்களில் இருக்கிறது. பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்றிதழ்: இந்த நான்கும்தான். பிறகு வரும் சாட்சிகள் இவற்றோடு ஒத்துப் போகிறார்களா இல்லையா என்பதுதான் விசாரணை.

வரைபடத்தில் சாலையின் அகலம், மோதிய இடம், அது சாலையின் எந்தப் பக்கம், டயர் தேய்ந்த தடம் எல்லாம் இருக்க வேண்டும். பல நேரங்களில் இரண்டு கோடும் ஒரு பெருக்கல் குறியும்தான் இருக்கும். அதனால் நீங்களோ, நீங்கள் கட்டுப்போட்டுக் கிடந்தால் தம்பி தங்கையோ, மறுநாளே அந்த இடத்துக்குப் போய்ப் படம் எடுங்கள். பள்ளம், கொட்டிக் கிடக்கும் மணல், வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை, எரியாத தெருவிளக்கு, வளைவை மறைக்கும் பிளெக்ஸ் பலகை. மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ ஒரே இரவில் பள்ளத்தை மூடிவிடும் அதிசயம் விபத்துக்குப் பிறகுதான் நடக்கும். அதே மணி நேரத்தில் போய் எடுத்தால் வெளிச்சம் எப்படி இருந்தது என்பதும் தெரியும்.

கடைகளின் கேமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்து புதிய பதிவு ஏறிவிடும். கடைக்காரரிடம் அன்றே கேட்டுப் பாருங்கள். கூடவே அந்தப் பதிவைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பதிவின் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய சாட்சியச் சட்டப்படியான சான்றிதழ் தேவைப்படும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

பிரேக் பிடிக்கவில்லை என்பது உண்மையிலேயே காரணம் என்றால், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். ‘விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல’ என்ற வரியோடு அறிக்கை வந்துவிட்டால் பிறகு பிரேக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பைக் காவல் நிலைய வாசலில் வெயிலில் காய்கிறது. எப்போது கிடைக்கும்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி, ஆய்வுக்கு எடுத்துச் சென்ற வண்டியை வேலை முடிந்து 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் ஆய்வாளர் வந்து பார்ப்பதற்கே நாளாகும். ஆய்வு முடிந்தும் தராவிட்டால் நீதித்துறை நடுவரிடம் வாகன விடுவிப்பு மனுப் போடலாம். கைப்பற்றிய வண்டிகளைக் காவல் நிலையத்தில் துருப்பிடிக்க விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கிலேயே சொல்லிவிட்டது. காப்பீடு இல்லாத வண்டி என்றால் மட்டும் எளிதில் வராது. நஷ்டஈட்டுக்கு ஈடாகப் பிணை கேட்பார்கள்.

ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் முடிந்துவிடாதா?

நீதிமன்ற வாசலில் அதிகமாகக் கிடைக்கும் இலவச ஆலோசனை இது. ‘எதற்கு வாய்தா வாய்தாவாக அலைகிறாய், ஒத்துக்கொள், ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டு, மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.’ சொல்பவருக்கு மத்தியானத்துக்குள் வழக்கு முடிந்துவிடும். உங்களுக்கு அங்கேதான் தொடங்கும்.

கட்டுவது அபராதம் மட்டுமல்ல. குற்றவாளி என்ற தீர்ப்பை வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். நீங்களே ஒப்புக்கொண்டதால் அந்தத் தீர்ப்பின் மேல் மேல்முறையீடும் கிடையாது. தண்டனையின் அளவு, அது சட்டப்படியானதா என்ற அளவில்தான் பேசலாம். நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தீர்ப்பின் நகலை முதல் ஆவணமாக வைப்பார். நீங்களும் கால் முறிந்து கிடந்து, எதிரே வந்த காரின் மேலும் பாதித் தவறு இருந்திருந்தால், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நஷ்டஈட்டை அந்த ஆயிரம் ரூபாய் ரசீது தின்றுவிடும். வேலை, பாஸ்போர்ட் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒப்புக்கொள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தவறு உங்களுடையதுதான், எதிர்த்தரப்புக்குச் சிராய்ப்புதான், 281உம் 125(அ)வும் மட்டும்தான், அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகும் எண்ணமில்லை என்றால் ஒப்புக்கொண்டு முடிப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. முதலில் குற்றப்பத்திரிகையும் அதனோடு உள்ள ஆவணங்களும் கைக்கு வரட்டும். நீங்கள் ஆஜரான 14 நாளுக்குள் அவற்றை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 125(ஆ)வோ 106ஓ இருந்தால் வக்கீல் இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள். மரணம் நேர்ந்த வழக்குகளில் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைச் சட்டப்படி விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஓட்டுநர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்று 2000ஆம் ஆண்டு தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது.

காயம்பட்டவரோடு சமாதானமாகப் போய்விடலாமா?

125(அ), 125(ஆ) இரண்டையும் நீதிமன்ற அனுமதியோடு, காயம்பட்டவர் சம்மதித்தால் சமரசத்தில் முடிக்கலாம். 281ஐயும் 106ஐயும் அப்படி முடிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து உயர் நீதிமன்றத்தில் நடைமுறைச் சட்டத்தின் 528ஆம் பிரிவின் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். சென்னை அமர்வோ மதுரை அமர்வோ, இரண்டு தரப்பும் பிரமாணப் பத்திரத்தோடு வந்தால் காயம் சிறியதாக உள்ள வழக்குகளில் வாய்ப்பு உண்டு. மரணம் என்றால் எதிர்பார்க்காதீர்கள்.

மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்து, முடிந்த உதவி செய்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. போய்ப் பாருங்கள். ஊர்ப் பெரியவர் முன்னிலையில் பணம் கொடுத்தால் மட்டும் எதற்காகக் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ‘இனி எந்த வழக்கும் இல்லை’ என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியது நடந்துகொண்டிருக்கும் குற்ற வழக்கைத் தானாக நிறுத்திவிடாது.

நாய் குறுக்கே வந்து நானும் மனைவியும் விழுந்தோம். அவருக்குத்தான் அடி. என் மேலேயே வழக்கா?

ஆம், நடக்கும். பின்னால் அமர்ந்திருந்தவர் காயம்பட்டால் ஓட்டியவர்தான் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், என்று அறிக்கையில் வரும், அவர் கணவரானாலும் மகனானாலும். நாய் குறுக்கே பாய்ந்ததில் உங்கள் கவனக்குறைவு எங்கே என்பது நல்ல எதிர்வாதம்; மனைவியின் சாட்சியமே உங்களுக்குத் துணை.

இங்கே காப்பீட்டில் ஒரு குழி இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் பைக்கில் பின்னால் அமர்ந்து வந்தவருக்கு அது பொருந்தாது என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுக் காப்பீடு என்றால் அவருக்கும் உண்டு. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள், வண்டியில் பின்னால் அமர்வது யார் என்று ஒரு முறை யோசிக்கலாம்.

குற்ற வழக்கில் விடுதலையானால் நஷ்டஈடும் கொடுக்க வேண்டாம் அல்லவா?

இரண்டும் வேறு வேறு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். மோட்டார் வாகன விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்த்தால் போதும். இதை நிலைநாட்டிய தீர்ப்புகளில் ஒன்று நம் ஊர் வழக்கு: 1980இல் என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமாயி அம்மாள். தொங்கிக்கொண்டிருந்த உயரழுத்த மின்கம்பியில் பஸ் பட்டுப் பயணிகள் இறந்தார்கள். ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையானார். அதனால் நஷ்டஈடு இல்லை என்று பஸ் நிறுவனம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

2022 ஏப்ரல் முதல் காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே அங்கிருந்து நோட்டீஸ் வருவதற்கு, காயம்பட்டவர் உங்கள் மேல் வன்மம் வைத்திருக்க வேண்டியதில்லை. காப்பீடும் உரிமமும் சரியாக இருந்தால் பணம் கட்டப்போவது காப்பீட்டு நிறுவனம்தான்.

உரிமம் இல்லை. அண்ணன் ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்கிறார்கள்.

வேண்டாம். ஆள் மாற்றுவது நம் ஊரில் பழகிப்போன வித்தை என்பது காப்பீட்டு நிறுவனங்களுக்கும் தெரியும். அதைக் கண்டுபிடிக்கவே விசாரணையாளர்களை அனுப்புகிறார்கள். விபத்துப் பதிவேட்டில் உங்களுக்கு முழங்கையில் சிராய்ப்பு, ‘ஓட்டிய’ அண்ணன் மேல் ஒரு கீறலும் இல்லை என்றால் மீதிக் கதையை அவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஓர் ஓட்டுதல் வழக்கு பொய்ச் சாட்சிய வழக்காக மாறி, அண்ணனும் எதிரியாவார்.

உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. வண்டியைக் கொடுத்த உரிமையாளர் மேலும் வழக்கு வரும். நஷ்டஈட்டைப் பொறுத்தவரை, காப்பீட்டு நிறுவனம் முதலில் காயம்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். காப்பீடே இல்லையென்றால் முழுத்தொகையும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் போனோம். அதனாலேயே நான் குற்றவாளியா?

அதற்கு அபராதம் தனி. ஆனால் விபத்துக்கு அதுதான் காரணம் என்று காட்டாமல் அதைக் கவனக்குறைவு ஆக்க முடியாது. மூன்று பேர் போனதாலேயே இறந்தவர் மேலும் பங்குத் தவறு என்று நஷ்டஈட்டைக் குறைத்ததை, 2020இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஓட்டுநர் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரத்தாகிவிடுமா?

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். உங்கள் தரப்பைக் கேட்காமல் உரிமத்தை முடக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். உத்தரவு எதிராக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. ஏற்கெனவே 184இல் தண்டனை பெற்றவர் மேல், அபாயகரமாக ஓட்டி மரணமோ கொடுங்காயமோ விளைவித்ததாக மறுபடி வழக்குப் பதிவானால், பதிவான நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு உரிமம் தானாக முடங்கும். முன்பு சொன்ன ‘ஒத்துக்கொண்டு கட்டிய’ ரசீது இங்கேயும் வந்து நிற்கும்.

துபாய் வேலைக்கு விசா வந்திருக்கிறது. அரசுத் தேர்வும் எழுதியிருக்கிறேன். பாதிக்குமா?

வழக்கு நிலுவையில் இருப்பதை மறைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள்; காவல்துறை சரிபார்ப்பில் வந்துவிடும். வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினால், 1993ஆம் ஆண்டு அரசாணையின்படி அந்த அனுமதியில் சொன்ன காலத்துக்குப் பாஸ்போர்ட் தருவார்கள். வெளிநாட்டில் இருக்கும்போது விசாரணைத் தேதி தவறினால் பிடியாணை பிறக்கலாம். வக்கீல் மூலம் ஆஜர் விலக்கு மனுவை முன்கூட்டியே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அரசு வேலை விண்ணப்பத்தில் ‘உங்கள் மேல் வழக்கு உண்டா’ என்ற கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். சிறிய வழக்கை மன்னிப்பார்கள். மறைத்ததை மன்னிப்பது கடினம். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரமும் ஏறக்குறைய இதுதான். காவலர், சீருடைப் பணிகளில் இன்னும் கண்டிப்பு அதிகம்: ‘சந்தேகத்தின் பலனில்’ விடுதலை என்று தீர்ப்பில் இருந்தாலே தேர்வில் தடை வரும். அந்தக் கனவு உள்ளவர்கள் விடுதலை மட்டும் போதாது, எந்தக் காரணத்தால் விடுதலை என்பதும் முக்கியம் என்று வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

ஓட்டியது என் மகன். வயது 17.

அப்படியானால் வழக்கு உங்கள் மேலும் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. ‘எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துவிட்டான்’ என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். பையனின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

எவ்வளவு காலம் இழுக்கும்? வக்கீல் வைக்க வசதியில்லை.

281, 125(அ) மட்டும் என்றால் ஓராண்டுக்குள், 125(ஆ) என்றால் மூன்றாண்டுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். தாண்டினால் காலாவதி என்று வாதிடலாம். 106க்கு அந்த வரம்பு இல்லை. முதல் தகவல் அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதற்குக் காவல் நிலையத்தில் யாருக்கும் டீ வாங்கித் தர வேண்டியதில்லை.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அரசுச் செலவில் வக்கீல் உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், அல்லது தாலுகா நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். தொலைபேசி எண் 15100. முதல் தகவல் அறிக்கை, காப்பீட்டுப் பத்திரம், உரிமம், நீதிமன்ற அழைப்பாணை ஆகியவற்றின் நகல்களோடு போங்கள். வருமானச் சான்றிதழ் கேட்டால் அதைத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம்.